ஒரு டம்ளர் ஸ்மூத்திக்கு எந்த பிளெண்டர் வாங்கலாம்?

மிக்ஸி இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். எப்போதாவது வாழைப்பழ மில்க் ஷேக் போடுபவர்களுக்கு மிக்ஸியே போதும், காசை வீணாக்க வேண்டாம். ஆனால் தினமும் காலையில் ஒருவருக்கு மட்டும், அதுவும் ஃப்ரீசரில் வைத்த பழத்தைப் போட்டு அடிப்பவர் என்றால் கதை வேறு. பெரிய ஜாரில் ஒரு டம்ளர் அளவு போட்டால் பழம் சுவரில் தெறித்து ஒட்டிக்கொள்ளும், பிளேடு கீழே சும்மா சுற்றும். சட்னி ஜாரில் பால் ஊற்றினால் மூடி வழியாகக் கசியும், நேற்று அரைத்த பூண்டு வாசம் வேறு மாம்பழத்தில் ஏறிவிடும்.

நான் இப்போது பயன்படுத்துவது வொண்டர்செஃப் நியூட்ரி-பிளெண்ட், 400 வாட்ஸ். கப்பில் எல்லாவற்றையும் போட்டு, பிளேடு மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து அழுத்திப் பிடிக்க வேண்டிய வகை. மாம்பழம், பப்பாளி, ஊறவைத்த பேரீச்சை, தயிர் எல்லாம் நைஸாக அரைபடுகின்றன. ஒரு ஆளுக்கு இது தாராளம் என்பதே என் முடிவு. சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம், இந்த வகை எதை வாங்கினாலும் அது இருக்கும்.

ஐஸ் போட்டு ஸ்லஷ் மாதிரி குடிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வாட்ஸ் எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள். இதே வகை பிளெண்டர்களில் மேஜிக் புல்லட் 250 வாட்ஸ், பழைய நியூட்ரிபுல்லட் 600, அதன் புரோ மாடல் 900. சிறிய மோட்டாரில் வெறும் ஐஸ் கட்டியைப் போட்டு ஓட்டவே கூடாது, திரவம் இல்லாவிட்டால் பிளேடைச் சுற்றிக் காற்றுதான் நிற்கும், மோட்டார் சூடாகும். என்னைக் கேட்டால் ஐஸையே விட்டுவிடலாம். மே மாதம் பங்கனப்பள்ளி மலிவாகக் கிடைக்கும்போது சின்னத் துண்டுகளாக வெட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டால், அதையே ஐஸுக்குப் பதில் போடலாம், சுவை நீர்த்துப்போகாது. எலுமிச்சை நன்னாரியை மட்டும் ஐஸ் கியூப் டிரேயில் உறையவைத்து, கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, விட்டு விட்டு அழுத்தி அடித்துப் பாருங்கள், வெயிலுக்கு அவ்வளவு நன்றாக இருக்கும்.

யுஎஸ்பியில் சார்ஜ் போடும் கையடக்க பிளெண்டர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயணத்தில் புரோட்டீன் பவுடர் கலக்க, பழுத்த வாழைப்பழம் அடிக்கச் சரி, உறைந்த பழம் போட்டால் பெரும்பாலானவை திணறும். பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் பிளெண்ட்ஜெட் 2 என்ற கையடக்க பிளெண்டர் சுமார் 48 லட்சம் திரும்பப் பெறப்பட்டது, சூடாகித் தீப்பிடிக்கலாம், பிளேடு உடைந்து வரலாம் என்பதுதான் காரணம். இவ்வளவு பெயரெடுத்த சாதனத்துக்கே இந்த நிலை என்றால், பெயரே தெரியாத மலிவான ஒன்றை நம்பி அதில் குழந்தைக்குப் பழச்சாறு அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் வாங்கி வருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், நம் ஊரில் 230. பிளக்கை மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது, மாட்டினால் மோட்டார் புகைந்துவிடும்.

போடும் வரிசை முக்கியம். கவிழ்க்கும் கப் என்பதால் உறைந்த பழம் முதலில், அதன் மேல் மென்மையான பழம், தயிர், கடைசியில் பால். கவிழ்த்ததும் பிளேடு பக்கம் மென்மையானதும் திரவமும் வந்துவிடும். மேக்ஸ் கோட்டைத் தாண்டி நிரப்பாதீர்கள். சூடான பாலோ சோடாவோ கூடவே கூடாது, மூடிய கப்புக்குள் அழுத்தம் ஏறி, திறக்கும்போது முகத்தில் தெறிக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

வாங்கும்போது பிளேடு மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் கையால் கழற்றி மாட்டும்படி இருக்கிறதா என்று பாருங்கள். பாலும் பழமும் அதன் அடியில் தேங்கிக் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும், கழற்ற வராவிட்டால் கழுவவே முடியாது. அந்த வளையமும் பிளேடும் தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றனவா என்றும் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், முதலில் தேய்வது அவைதான்.