நூறு மில்லி ஆயிலும் ஒரு சமதரையும்

போன வாரம் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நண்பன் போன் செய்தான். "மாப்ளே, உன்கிட்ட இருக்கிற அதே பிரஷ் கட்டரை வாங்கிட்டேன். ஆயில் என்ன ஊத்தணும்?" 10டபிள்யூ-30 என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். இரண்டு வருஷமாக அந்த மெஷினோடு மல்லுக்கட்டுகிறவனிடம் கேட்டால் அப்படி வைப்பானா?

புல், புதர் வெட்டும் மெஷின் அது; 35 சிசி, நாலு ஸ்ட்ரோக். பெட்டி பிரித்தபோது இன்ஜினில் ஒரு சொட்டு ஆயில் கிடையாது, நாம்தான் ஊற்ற வேண்டும். சேலம் டவுனில் விற்ற கடைக்காரர், "பைக்குக்கு ஊத்துற 20டபிள்யூ-40 போதும் சார், எல்லாரும் அதான் ஊத்துறாங்க" என்றார். டவுன் வெயிலுக்கு அதில் பெரிய தப்பில்லை. நான் மெஷினோடு ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டேனே! மார்கழி மாதம், காலை ஏழு மணி. கயிற்றை இழுத்தால் உள்ளே யாரோ மறுமுனையைப் பிடித்திருப்பது போல அவ்வளவு இறுக்கம். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு கெட்டிப்படும் என்பதைச் சொல்கிறது; பின்னால் உள்ளது 100 டிகிரிச் சூட்டில் எப்படி இருக்கும் என்பதை. ஏற்காட்டுக் காலைக்கு முதல் எண்தான் முக்கியம். 10டபிள்யூ-30 மாற்றியபின் மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொள்கிறது.

சிந்தடிக் ஆயில் போடலாமா என்றும் கேட்டான். புது இன்ஜினுக்கு சிந்தடிக் ஊற்றினால் பிஸ்டன் ரிங் செட் ஆகாது என்று மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. ஃபாக்டரியிலேயே சிந்தடிக் ஊற்றி வரும் கார்கள் எத்தனையோ இருக்கின்றன, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பத்து மணி நேரம் ஓடியதும் மாற்றிக் கீழே கொட்டப்போகும் முதல் ஆயிலுக்கு எதற்கு அவ்வளவு காசு?

அந்தப் பத்து மணி நேரக் கணக்கை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள். முதல் ஆயிலைப் பழைய தயிர் டப்பாவில் சாய்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் அரம் போட்டு உதிர்ந்த தூள் மாதிரி மினுமினுப்பு. புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசி இழைந்ததில் வந்தது. கார், பைக்கில் இருப்பது போல இதில் ஆயில் ஃபில்டர் கிடையாது. வெளியே எடுக்காவிட்டால் அந்தத் தூள் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

இனி என் வயிற்றெரிச்சல். இந்த இன்ஜின் குடிப்பது வெறும் 100 மில்லி. அளவுக்குச்சி கிடையாது. மெஷினைச் சமதரையில் வைத்து, ஊற்றும் வாயின் விளிம்புவரை ஆயில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சமதரைக்கு நான் எங்கே போவேன்? சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் என்றால் சில்வர் ஓக் மரம்கூடச் சரிவில்தான் நிற்கிறது. வாய் மேட்டுப்பக்கம் பார்த்துச் சாய்ந்திருந்தால் கூடுதலாக இறங்கிவிடும். அப்படித்தான் ஒருமுறை இறங்கியது. ஏர் ஃபில்டர் ஆயிலில் ஊறிப்போய், வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டது. கழுவித் துடைக்க ஒரு நாள் வேலை போச்சு.

மெடிக்கல் கடையில் 50 மில்லி சிரிஞ்சு வாங்கினேன். இரண்டு சிரிஞ்சு ஊற்றினால் கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். எவ்வளவு கவிழ்த்தாலும் பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது. முழு நூறும் ஊற்றினால் மறுபடி கூடுதல். 85 அளவில் நிறுத்தி, மிச்சத்தைக் கண்ணால் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். அதற்கும் சமதரை வேண்டும்!

எங்கள் தோட்டத்தில் சமதரை என்பது காப்பி உலர்த்தும் களம் ஒன்றுதான். போன தை மாதம், காப்பி காய்ந்துகொண்டிருந்தபோது, ஓரமாக உட்கார்ந்து ஊற்றினேன். நாலு சொட்டு சிமென்டில் விழுந்தது. "காப்பி எந்த வாசனையையும் இழுத்துக்கும்டா, கிரீஸ் காப்பி விக்கப் போறியா?" என்று அம்மா கத்தியது கீழ்த்தோட்டம்வரை கேட்டிருக்கும்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். பழைய ரெண்டு ஸ்ட்ரோக் மெஷினுக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில் கலப்போம். சாயங்காலம் சட்டையில், தலைமுடியில் எல்லாம் அந்தப் புகை வாடை. இப்போது வெறும் பெட்ரோல்தான். வெட்டுகிற ஆளுக்குத் தலைவலி இல்லை, பெட்ரோலும் குறைவாகவே குடிக்கிறது, இரண்டு வருஷத்தில் பிளக்கைத் தவிர எதையும் மாற்றவில்லை. (பழக்கதோஷத்தில் இதன் பெட்ரோலிலும் 2டி கலக்க வருவார்கள். கேனில் பெரிதாக எழுதி வையுங்கள்.)

அப்படியானால் மறுபடி இதையே வாங்குவேனா என்றால், மாட்டேன். நேற்றுக்கூட ஆயில் மாற்ற வேண்டியிருந்தது, களத்தில் மிளகு காய்கிறது. மெஷினைத் தூக்கிக்கொண்டு தார் ரோட்டுக்கே போய், லாரிக்கு வழிவிட்டு வழிவிட்டு ஊற்றிவிட்டு வந்தேன்.

நண்பன்தான் வாங்கிவிட்டானே, அவனிடம் இதையெல்லாம் சொல்லி என்ன? ஒரு லிட்டர் டப்பாவில் இன்னும் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. புதுசு வாங்காதே, வந்து எடுத்துக்கொண்டு போ, சிரிஞ்சையும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.