மதர்போர்டு மாற்றக் கொடுக்கும் முன் விண்டோஸ் என்ன ஆகும் என்று கேளுங்கள்

லேப்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது, வெளிக்கடையில் மாற்றப் போகிறேன் என்று இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கும்பகோணத்தில் ஒரு சர்வீஸ் கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் இன்னும் முடியவில்லை என்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அவர்கள் செய்த முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

நான் வீட்டிலிருந்தே சின்னக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். பாத்திரக் கடை, மளிகை, ஒரு பிரிண்டிங் பிரஸ். லேப்டாப் வாங்கும்போதே விண்டோஸ் 11 ஹோம் அதில் இருந்தது. வாரண்டி முடிந்து சில மாதங்களில் சார்ஜ் ஏறாமல் நின்றது, பிறகு உயிரே இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டர் திருச்சியில். போர்டு வரவழைக்க நாளாகும் என்றார்கள், விலையும் 19,000 ரூபாய்க்கு மேல். 11ஆம் தேதிக்குள் எல்லோருடைய ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவர ரிட்டர்ன், போயாக வேண்டும். அதனால் உள்ளூர்க் கடைக்குக் கொண்டுபோனேன்.

"போர்டு ஷார்ட்டுக்கா. சிப் லெவல்ல பார்த்தாச்சு, நிக்காது. சேம் மாடல் போர்டு கையில இருக்கு, 9,500க்கு போட்டுத் தர்றேன்."

"தம்பி, இதுல விண்டோஸ் ஒரிஜினலா வந்தது. அதுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா."

இந்தப் பதிலில்தான் ஏமாற்று ஆரம்பிக்கிறது. போர்டு மாற்றுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவருக்கு, போர்டு மாறினால் விண்டோஸ் உரிமம் என்ன ஆகும் என்பது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

லேப்டாப் திரும்பி வந்தபோது ஓடியது. ஆனால் என் கோப்புகள் எதுவும் இல்லை. ஹோம் இருந்த இடத்தில் விண்டோஸ் 11 ப்ரோ. "பழைய விண்டோஸ் செட் ஆகலக்கா. டிஸ்க்கும் லாக் கேட்டுச்சு, ஃபார்மட் பண்ணாதான் ஓடும்னு பண்ணிட்டோம். புது ஒரிஜினல் கீ போட்டிருக்கேன், ப்ரோ வெர்ஷன், லைஃப்டைம். அதுக்கு மட்டும் தனியா 2,500." ஒரு துண்டுச் சீட்டில் 'சர்வீஸ், விண்டோஸ்' என்று எழுதி 12,000 என்று போட்டுக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, பில் போட்டால் 18 சதவீதம் கூட வரும் என்றார்கள்.

முதலில் அந்த டிஸ்க் லாக் விஷயம், ஏனென்றால் அதில்தான் எனக்கு இழப்பு அதிகம். இப்போது வருகிற பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். ஹோம் பதிப்பில் இதற்கு டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர், ப்ரோவில் பிட்லாக்கர். அந்தப் பூட்டின் சாவி போர்டோடு சேர்ந்த டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கும். போர்டு மாறினால் புது டிபிஎம்முக்கு அந்தச் சாவி தெரியாது, நீல நிறத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அந்த 48 இலக்கமும் என் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருந்தது. வேறு போனில் கணக்கைத் திறந்து பார்த்தாலே கிடைத்திருக்கும். கடைக்காரர் எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். கேட்காமல் அழித்துவிட்டார்கள். டேலி பேக்கப் தனி டிஸ்க்கில் இருந்ததால் கணக்குகள் தப்பின. ஆனால் அந்த மாதம் கடைக்காரர்கள் அனுப்பி நான் ஸ்கேன் செய்து பிரித்து வைத்திருந்த கொள்முதல் பில்கள் போயின. ஒவ்வொருவரிடமும் மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. என்னை நம்பிக் கணக்கைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

இனி உரிமம். விண்டோஸ் 7 காலத்தில் லேப்டாப்பின் அடியில் 25 எழுத்து எண்ணுள்ள ஸ்டிக்கர் இருக்கும். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, கம்பெனியே விண்டோஸ் போட்டு விற்கும் கணினிகளில் அந்தக் கீ, மதர்போர்டில் கணினியைத் துவக்கும் நிரல் இருக்கும் பயாஸ் சிப்புக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது. இதற்கு ஓஇஎம் உரிமம் என்று பெயர். கிணறு மனையோடு சேர்ந்தது என்பது போல, இந்த உரிமம் போர்டோடு சேர்ந்தது. வேறொரு கணினிக்கு எடுத்துப் போக முடியாது. தனியாகப் பெட்டியிலோ மைக்ரோசாஃப்ட் தளத்திலோ வாங்கும் ரீடெயில் உரிமத்தை மட்டும் பழைய கணினியிலிருந்து எடுத்துப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். கடையில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் தங்களுடையது இந்த இரண்டில் எது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

ரேம், பேட்டரி, டிஸ்ப்ளே, எஸ்எஸ்டி மாற்றினால் பயப்பட ஒன்றுமில்லை. எஸ்எஸ்டி மாற்றி அதே பதிப்பைப் புதிதாக ஏற்றினாலும், போர்டில் இருக்கும் கீயைத் தானே படித்து ஆக்டிவேட் ஆகிவிடும். என் அத்தை மகனிடம் இன்னொரு ஊரில் எஸ்எஸ்டி மாற்றியதற்கு விண்டோஸ் கீ என்று 1,200 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அவன் போர்டிலேயே கீ இருந்தது. அது பகல் கொள்ளை.

எனக்குப் போட்ட போர்டில் ஏன் தானாக ஆக்டிவேட் ஆகவில்லை என்று பிறகுதான் விளங்கியது. ஒரே மாடல் லேப்டாப் விண்டோஸோடும் விற்கும், விண்டோஸ் இல்லாமல் விலை குறைத்து 'டாஸ்' மாடலாகவும் விற்கும். டாஸ் மாடல் போர்டில் விண்டோஸ் கீ இருக்காது. அதனால் அது மலிவு. 'சேம் மாடல்' என்று எனக்கு விற்கப்பட்டது அந்தப் போர்டு. அதன் பயாஸில் இருக்கும் சீரியல் நம்பர் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் நம்பரோடு பொருந்தவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் விண்டோஸ் மாடலுக்குக் கீ எழுதிய போர்டையே போட்டு, சீரியல் நம்பரையும் பதிந்து தருவார்கள். 19,000க்கும் 9,500க்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தில் இதுவும் அடக்கம். அதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தேர்ந்தெடுக்கும் உரிமையாவது எனக்கு இருந்திருக்கும்.

'லைஃப்டைம் ஒரிஜினல்' எது என்பது, நான் காசு கொடுத்து ஒரு ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்ட அன்று தெரிந்தது. போட்டவுடன் ஹேக்டூல், ஆட்டோகேஎம்எஸ் என்று எச்சரிக்கை வந்தது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஏன் இதுவரை எதுவும் சொல்லவில்லை என்று செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன். எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் ஒரு ஃபோல்டரைச் சேர்த்து, அதைச் சோதிக்க வேண்டாம் என்று கடையில் உத்தரவு போட்டு வைத்திருந்தார்கள்.

கேஎம்எஸ் என்பது பெரிய அலுவலகங்களும் கல்லூரிகளும் தங்கள் கணினிகளைத் தங்களுடைய சொந்த சர்வர் மூலமாகவே ஆக்டிவேட் செய்துகொள்ள மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் முறை. அதில் ஆக்டிவேஷன் 180 நாளுக்குத்தான் செல்லும். அதற்குள் கணினி மறுபடி அந்த சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 'லைஃப்டைம்' என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. ஆட்டோகேஎம்எஸ் போன்ற திருட்டு டூல், போலி சர்வர் ஒன்றைக் காட்டி விண்டோஸை நம்பவைக்கிறது. ஹோம் பதிப்புக்கு இந்த முறை இல்லை. அதனால்தான் கேட்காமலேயே எனக்கு ப்ரோ 'பரிசாக' வந்தது.

உங்கள் கணினியில் இதைப் பார்ப்பது சுலபம். ஸ்டார்ட்டில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் தேடித் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் என்ற ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டிஎல்ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஓஇஎம் அல்லது ரீடெயில் சேனல் என்று இருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் வால்யூம் (நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் உரிமம்), கேஎம்எஸ் கிளையன்ட் என்று இருந்தால் அது உங்களுக்கு விற்கக்கூடிய உரிமமே அல்ல. எனக்கு அப்படித்தான் வந்தது. கீயின் கடைசி ஐந்து எழுத்து டி83ஜிஎக்ஸ். நிறுவனங்களின் கம்ப்யூட்டர் பிரிவுக்காக மைக்ரோசாஃப்ட் தன் தளத்திலேயே எல்லோரும் பார்க்க வெளியிட்டிருக்கும் கீ அது. யாருக்கும் இலவசமாகத் தெரியும் அந்த 25 எழுத்துக்கு என்னிடம் 2,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

கடையில் போய்க் கேட்டேன். "எல்லாரும் போடுறதுதான்க்கா. ஆன்டிவைரஸைத் தூக்கிடுங்க, திரும்பப் போட்டுத் தர்றேன், 500 குடுங்க" என்றார் அதே தம்பி. ஊரில் எத்தனை பேருடைய ஜிஎஸ்டி பாஸ்வேர்டு, பேன் நம்பர், பேங்க் விவரம் என் லேப்டாப்பில் இருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு அது உறைக்கவே இல்லை. இந்தத் திருட்டு டூல்களோடு சேர்ந்து பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் வருவது புதிதல்ல. காவலை நாமே நிறுத்தி வைத்தால் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. இன்னொன்று: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவது குற்றம். 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தெரிந்துகொண்ட பிறகு ஒரு நாள்கூட அதை வைத்துத் தொழில் செய்ய எனக்கு மனமில்லை.

நேர்மையான வழி ஒன்று இருந்தது. மைக்ரோசாஃப்ட்டின் ஓஇஎம் விதிப்படி, பழுதான போர்டுக்குப் பதிலாக அதே மாடல் போர்டோ கம்பெனி அதற்கு ஈடாகச் சொல்லும் போர்டோ போட்டால் புது உரிமம் வாங்கத் தேவையில்லை. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட் என்று இருக்கும். அதில் 'சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, உரிமத்தோடு இணைத்திருந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கேட்டுப் பார்க்கலாம். ஆனால் முன்பு இருந்த பதிப்பே இப்போதும் இருக்க வேண்டும். ஹோமை அழித்து ப்ரோ போட்டதால் கடைக்காரர்கள் அந்தக் கதவையும் சாத்திவிட்டிருந்தார்கள். நான் ஹோமை மறுபடி ஏற்றிவிட்டுக் கேட்டேன், ஏற்கவில்லை. மைக்ரோசாஃப்ட் உதவி மையத்தில் போர்டு மாற்றிய பில் கேட்டார்கள். என் கையில் இருந்தது துண்டுச் சீட்டு. பயாஸ் சீரியல் நம்பரும் என்னுடையது இல்லை. பழைய போர்டை வாங்கி வைக்கலாம் என்று போனால், "எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சுக்கா" என்றார்கள். கடைசியில் ரீடெயில் ஹோம் உரிமம் வாங்கினேன். ஏறத்தாழ போர்டு போட்ட அளவுக்கே செலவு.

ஆன்லைனில் 400, 500 ரூபாய்க்குக் கீ கிடைக்கிறதே என்று நிறையப் பேர் சொன்னார்கள். அந்த விலைக்கு வருபவை பெரும்பாலும் ஏதோ நிறுவனத்தின் வால்யூம் கீ, அல்லது உடைத்துப் போட்ட கணினிகளின் ஓஇஎம் கீ. இன்று ஏற்கும், என்றைக்கு முடக்கப்படும் என்று சொல்ல முடியாது. விற்றவரும் அப்போது இருக்கமாட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிந்தேன். அதன் பிறகு கடைக்காரர் 2,500ஐ ஜிபேயில் திருப்பி அனுப்பினார். அழித்த கோப்புகளுக்கும் தவறான போர்டுக்கும் இன்னும் பதில் இல்லை. அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராததே முறையற்ற வணிகம். நடந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் 'லைஃப்டைம்' என்று அவர் அனுப்பிய மெசேஜ், எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போர்டு மாற்றக் கொடுக்கும் முன், அது விண்டோஸ் கீ உள்ள போர்டா டாஸ் போர்டா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். பழைய போர்டு எனக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு கடையில் சர்வீஸ் ஆகி வந்த லேப்டாப் என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காதது ஏதாவது இருந்தால் அந்த டூலை மட்டும் அழித்துவிட்டு நிறுத்தாதீர்கள். நெட்டைத் துண்டித்து, தேவையான கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிய விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். பேங்க், மெயில், ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை அந்த லேப்டாப்பில் மாற்ற வேண்டாம். உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள், இன்றைக்கே.