புதன்கிழமைகளில் உறைந்த கணினி: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2019இல் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த மேசைக் கணினி இது. ஒன்பதாம் தலைமுறை ஐ5 செயலி, 16 ஜிபி நினைவகம், கோப்புகளைச் சேமிக்கும் வட்டாக 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (மதர்போர்டு எனும் முதன்மைப் பலகையோடு கேபிளால் இணைவது), விண்டோஸ் 10. புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பது என் தொழில். நாளுக்குப் பத்து மணி நேரமாவது ஓடும். முதல் மூன்று ஆண்டுகள் ஒரு குறையும் சொல்ல முடியாது. 2022 கோடையில்தான் தொல்லை தொடங்கியது.

அன்று ஒரு நாவலின் பிழைதிருத்தங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். மவுஸ் நகர்ந்தது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் அசைவில்லை. திரை மூலையில் கடிகாரம் 11:42இலேயே நின்றது. பெட்டியின் முகப்பில் வட்டுக்கான சின்ன விளக்கு எப்போதும் மினுக்கிக்கொண்டிருக்கும். அன்று மினுக்காமல் ஒரே சீராக எரிந்தது. அரை நிமிடம் கழித்து, நான் அழுத்திய விசைகளெல்லாம் ஒரே மூச்சில் திரையில் வந்து விழுந்தன. பிறகு மீண்டும் நின்றது. நான்காவது முறை மீளவே இல்லை. மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

முந்தைய இரவுதான் பாதுகாப்பு அப்டேட் நிறுவப்பட்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் 2003 முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று இவற்றை வெளியிடுகிறது. நம் கணக்கில் அது செவ்வாய் இரவு. அடுத்த மாதமும் அதே புதன்கிழமை, அதே உறைவு. அப்டேட்டை நீக்கினேன், இரண்டொரு நாளில் அமைதியானது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்றே நம்பினேன். பழுதுபார்க்கும் கடைக்காரரும், "அப்டேட்டையே நிறுத்திவிடுங்கள் சார், இனி தொல்லை இருக்காது" என்றார்.

அதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14ஆம் தேதியே வெளியாகியிருந்தது. அதை நிறுவாத கணினிகளில்தான் கோப்புகள் பூட்டப்பட்டன. என் கணினியில் இருப்பவை இன்னும் அச்சேறாத பிறருடைய எழுத்துகள். அவற்றைப் பூட்டில்லாத வீட்டில் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே நிறுத்தாமல், 35 நாள் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். கெடு முடிந்து அப்டேட் இறங்கியபோது உறைவு முன்னைவிட மோசமாகத் திரும்பியது.

வழக்கமான வைத்தியங்கள் எல்லாம் செய்தேன்: கணினிக் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி, டிஸ்ம் கட்டளைகள், கிராபிக்ஸ் டிரைவர் மாற்றம், கூடுதல் ஆன்டிவைரஸை நீக்குவது. எதிலும் பலனில்லை.

வழி திறந்தது இரண்டு சிறிய சோதனைகளில். உறைந்திருக்கும்போது கேப்ஸ் லாக் விசையை அழுத்தினேன். விளக்கு எரிந்து அணைந்தது. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளோடு பி (B) விசையைச் சேர்த்து அழுத்தினேன். கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கி, திரை ஒரு கணம் இருண்டு மீண்டது. ஆக, கணினியின் உயிர்நாடி துடிக்கிறது, திரையும் நலம். மீதி இருப்பது வட்டுதான்.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவெண்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து, உறைந்த நிமிடத்தைத் தேடினேன். 'ஸ்டோர்ஏஹெச்சிஐ' என்ற பெயரில் 129 எண்ணிட்ட எச்சரிக்கைகள் வரிசையாக நின்றன. வட்டிடம் ஒன்றைக் கேட்டு, பதில் வராமல் காத்திருந்து, கடைசியில் விண்டோஸ் அந்த இணைப்பை மீட்டமைத்திருக்கிறது என்பது அதன் பொருள். நீங்கள் இந்த எண்ணைக் கண்டால், ஆராய்ச்சிக்கு முன் கோப்புகளை வேறு வட்டில் படியெடுத்துவிடுங்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன்.

பிறகு, வட்டின் உடல்நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தேன். மேலே நீல நிறத்தில் 'நலம்' என்று காட்டியது. முன்பும் ஒருமுறை இதைப் பார்த்து நிம்மதியாக மூடியிருக்கிறேன். இந்த முறை கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தேன். சி7 என்ற வரி, வட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு சிதைந்து மறுபடி அனுப்பப்பட்ட தடவைகளின் எண்ணிக்கை. அந்த நலச் சான்று இந்த வரியைக் கணக்கில் எடுப்பதில்லை. எண்கள் பதினாறடிமானத்தில் இருந்தன. பதின்மத்துக்கு மாற்றினேன்: 2,317. அடுத்த அப்டேட் முடிந்த மறுநாள் 2,360. சாதாரண நாள்களில் அசையவே இல்லை. வட்டின் உள்ளே கெட்ட பகுதிகளைக் காட்டும் 05, சி5 வரிகள் சுழியம்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். சிவப்பு சாட்டா கேபிள், எல் வடிவ முனையை ஒட்டி நகத்தால் கீறியதுபோல் மடிந்து, மடிப்பில் உறை வெளுத்திருந்தது. 2022 கோடையில் தூசி தட்டி மூடியபோது தகடு அதை நெருக்கியிருக்கிறது. மூடியது நான்தான்.

ரிச்சி தெருவில் 120 ரூபாய்க்குப் புதுக் கேபிள் வாங்கி, தகட்டில் படாமல் வளைத்து மாட்டினேன்.

அப்படியென்றால் ஏன் புதன்கிழமை? அப்டேட் நிறுவும்போது ஆயிரக்கணக்கான கோப்புகள் எழுதப்படுகின்றன. மறுதொடக்கத்துக்குப் பிறகும், பல மென்பொருள்கள் இயங்கத் தேவையான டாட்நெட் கோப்புகளைத் தயாரிக்கும் வேலை பின்னணியில் ஓடும். நிறுவியவற்றைத் துப்புரவு செய்யும் வேலையும் சேர்ந்துகொள்ளும். பக்க வடிவமைப்பில் ஒரு வாரத்தில் கடக்கும் தரவு அன்று சில மணி நேரத்தில் அந்தக் கேபிளைக் கடந்திருக்கும். இலேசான சுமையில் தாக்குப்பிடித்த கேபிள் அங்கே தடுமாறியது. அப்டேட்டை நீக்காமல் விட்டிருந்தாலும் இரண்டு நாளில் அடங்கியிருக்கும். அந்த அமைதியைத்தான் நான் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

அப்டேட்டே கெடுக்கும் நாள்களும் உண்டு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலி ஓட்டைகளுக்கான அப்டேட்டால் சில பழைய ஏஎம்டி செயலிக் கணினிகள் தொடங்காமல் போயின. அவற்றுக்கு அனுப்புவதையே மைக்ரோசாஃப்ட் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. அப்போது ஒரே வகைக் கணினிகள் பல ஊர்களில் ஒரே நாளில் விழுந்தன. என் வீட்டிலோ, அதே அப்டேட் நிறுவிய மடிக்கணினி பக்கத்து மேசையில் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் முதல் மாதமே கவனித்திருக்க வேண்டும்.

கேபிள் மாற்றியது 2023 தொடக்கத்தில். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவதற்கு முன்பே, அதே பெட்டியில், அதே எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11க்கு மாறினேன். அத்தனை பெரிய நிறுவலிலும் கணினி ஒருமுறைகூட உறையவில்லை. சி7 எண் குறையாது. ஏறாமல் இருந்தால் போதும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மறுநாள் அதை நோட்டில் குறித்துவருகிறேன். இன்றும் 2,360.