கண்ணைக் குத்தும் நீல எல்இடி: ஃபிலிம் ஒட்டுவதா, கழற்றி மாற்றுவதா?

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறையில் ரவுட்டர், ஸ்பீக்கர், சார்ஜர் என எதைத் தொட்டாலும் ஒரு நீல எல்இடி. எங்கள் அம்மா ரவுட்டர்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் படுப்பார். ரவுட்டருக்குக் காற்று வேண்டும் என்பதால் அது சரிப்படாது. மேலே கலர் ஃபிலிம் ஒட்டலாம். இல்லை, எல்இடியையே கழற்றி ஆரஞ்சோ சிவப்போ வைக்கலாம். கழற்றுவதற்கும் இரண்டு வழி: ஈயத்தை உருக்கும் சூட்டுக்கோலான சால்டரிங் அயர்ன், சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர்.

ஃபிலிம் ஐந்து நிமிட வேலை. ஆனால் அது புது நிறம் எதையும் தராது, வருகிற வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தடுக்கும், அவ்வளவுதான். வெள்ளை எல்இடி என்பது நீலச் சில்லுக்கு மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூசியது. அதன் வெளிச்சத்தில் பல நிறங்கள் கலந்திருப்பதால் ஆரஞ்சு ஃபிலிம் அழகாக எடுபடும். நீல எல்இடியில் சிவப்பே கிடையாது. அதன்மேல் ஆரஞ்சு ஃபிலிம் ஒட்டினால் மங்கத்தான் செய்யும். தூக்கம் கெடாமல் இருந்தால் போதும் என்பவருக்கு அதுவே தாராளம். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர் என்றால் திறக்கவே வேண்டாம், ஃபிலிம்தான்.

நிறமே மாற வேண்டுமென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். இதில் பலரும் எந்தக் கருவி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வோல்டேஜ். சிவப்பும் ஆரஞ்சும் சுமார் 2 வோல்ட்டில் எரியும். நீலம், வெள்ளை, இன்றைய பளிச்சென்ற பச்சை எல்லாம் கேலியம் நைட்ரைடு வகை, 3 வோல்ட் பக்கம் கேட்கும். போர்டில் 3.3 வோல்ட், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 100 ஓம் ரெசிஸ்டர் என்று வையுங்கள். நீலத்துக்கு ஓடுவது 3 மில்லிஆம்பியர். அதே இடத்தில் சிவப்பை வைத்தால் 13 மில்லிஆம்பியர்! அறைக்கு அது முன்னைவிட மோசம், அதை ஓட்டும் ஐசி சில்லுக்கும் பாரம். பக்கத்திலுள்ள ரெசிஸ்டரையும் 470 ஓமாக மாற்றினால் பழைய அளவுக்கு வந்துவிடும். சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகிறவருக்கு இதுவே தலைகீழ்: ரெசிஸ்டரைக் குறைக்காவிட்டால் மினுக்கென்றுதான் எரியும்.

இப்போது கருவி. ஒரே ஒரு எல்இடிக்கு நான் அயர்ன் பக்கம்தான். 0603 அளவு என்றால் 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 அகலம். ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் தடவி, 63/37 ஈயத்தை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம் கலந்த சால்டர்) தாராளமாக உருக்கி, இரண்டு முனையையும் மூடும்படி ஒரே குமிழாக விடுங்கள். அந்த ஈயம் 183 டிகிரி செல்சியஸில் உருகும். கம்பெனி போட்ட ஈயமில்லாத சால்டருக்குச் சுமார் 217 வேண்டும். இரண்டும் கலந்ததும் உருகுநிலை இறங்கி, எல்இடி குமிழோடு மிதந்து பக்கவாட்டில் நகர்ந்து வந்துவிடும். இழுக்கக் கூடாது, இழுத்தால் போர்டின் செம்புத் தடமும் கூடவே உரியும். மிச்ச ஈயத்தை விக்கால் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) துடைத்துவிட்டு, ஒரு முனையில் மட்டும் கொஞ்சம் ஈயம் வைத்து, புது எல்இடியை ட்வீசரால் பக்கவாட்டில் பிடித்து உள்ளே தள்ளுங்கள். சூடாக இருக்கும்போது மேலே அழுத்தினால் லென்ஸ் இளகி, உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பி அறுந்துபோகும். அப்புறம், ஜன்னல் திறந்திருக்கட்டும், ஃபேன் மட்டும் வேண்டாம். அந்தக் காற்றில் எல்இடி எங்கே போனது என்றே தெரியாது.

ஹாட் ஏரில் எல்இடி சுத்தமாகக் கழன்று வரும், உண்மைதான். பக்கத்தில் பிளாஸ்டிக் கனெக்டர் இருந்தால் அதுவும் சேர்ந்து இளகும், சுற்றிலும் சூடு தாங்கும் காப்டன் டேப் ஒட்ட வேண்டும். அகலமான செம்புப் பரப்பு சூட்டை உறிஞ்சுகிற போர்டுக்கும், அயர்ன் முனை நுழையாத இடுக்குக்கும் ஹாட் ஏரே சரி. இந்த ஒரு வேலைக்காக அதை வாங்கத் தேவையில்லை.

புதிது வாங்க ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் இருக்கிறது. அங்குள்ள உதிரிபாகக் கடைகளில் அளவை 0603, 0805 என்று எண்ணாகவே சொல்லிக் கேளுங்கள். எல்இடி ஒரு திசையில்தான் எரியும்; கேத்தோடு (எதிர்மின் முனை) எது என்று காட்டும் அடையாளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலதில் பச்சைப் புள்ளி, சிலதில் அடியில் முக்கோணம். அதை நம்பாமல் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துப் பாருங்கள், சரியான திசையில் வைத்தால் லேசாக எரியும். நீலத்துக்குச் சில மீட்டரின் வோல்டேஜ் போதாது. அப்போது 3 வோல்ட் பட்டன் பேட்டரியோடு 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் திசை தெரிந்துவிடும்.