ஹெல்மெட்டுக்குள் எந்த இயர் பிளக் நிற்கும்?

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் என் முதல் கார் ரேஸ் முடிந்த ஞாயிறு இரவு. குளித்து, சாப்பிட்டு, படுத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, பக்கத்து வீட்டு டிவி நின்றது, தெருவே அமைதியானது. என் காதுக்குள் மட்டும் 'கொய்ங்' என்று ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. திங்கள் மத்தியானம் வாக்கில் அதுவாக அடங்கியது. அடங்கியதால் மறந்தும் போனேன். அடுத்த ரேஸுக்கும் வெறும் காதோடுதான் போய் உட்கார்ந்தேன்.

இதில் உள்ள வம்பே அப்படி அடங்கிவிடுவதுதான். உட்காதில் ஒலியை வாங்கும் மயிர்ச் செல்கள் அதிக இரைச்சலில் களைத்துப்போய், பிறகு ஓரளவு மீண்டுவிடும். ஆனால் செத்தவை செத்தவைதான். பறவைகளுக்கு அவை திரும்ப முளைக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரைச்சலால் கெடும் காது முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. க, ச, த போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் கேட்க உதவுவதில் அந்த மேல் ஸ்தாயிப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. 'கட்டை', 'சட்டை', 'தட்டை' மூன்றும் ஒன்று போலக் கேட்கத் தொடங்கும். சோழவரம் விமானத் தளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஓட்டிய பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். சத்தமெல்லாம் நன்றாகவே கேட்கிறது என்பார். பேச்சுதான் புரிவதில்லை.

சரி, காதில் எதைப் போடுவது? நான் போட்டுப் பார்த்தவற்றையும் கூட ஓட்டுபவர்கள் போடுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். முதலில் கொஞ்சம் கணக்கு.

அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நையோஷ் அமைப்பு சொல்லும் வரம்பு: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 94 என்றால் 1 மணி, 100 என்றால் 15 நிமிடம், 106 என்றால் 4 நிமிடம்கூடக் கிடையாது. கூரையில்லாத, ஒற்றை இருக்கை ஃபார்முலா கார்களில் எஞ்சின் இருப்பது ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், தலைக்குக் கை எட்டும் தூரத்தில். எல்ஜிபி ஃபார்முலா 4 மாதிரி காரில் இருப்பது சாதாரண தெருக் கார் எஞ்சின்தானே என்று நினைக்க வேண்டாம். சைலன்சர் பேருக்கு இருக்கும், மேலே கூரை கிடையாது, காற்று வேறு ஹெல்மெட்டை அறைந்துகொண்டே இருக்கும். 100 டெசிபலைத் தாண்டுவது சர்வசாதாரணம். கணக்குக்கு 106 என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி, குவாலிஃபையிங், ஒரு ரேஸ் என்றால் ஒரு நாளில் முக்கால் மணி நேரம் வந்துவிடும்.

ஹெல்மெட் மட்டும் போதும் என்கிற கட்சி

கார்களைத் தயார் செய்யும் பிட்டில் பெரிய கட்சி இதுதான். "இவ்வளவு விலை கொடுத்து ஹெல்மெட் வாங்கியிருக்கோம், அது தடுக்காதா?" தடுக்கும், கீச்சென்ற சத்தங்களை. நாலு சிலிண்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது நொடிக்கு 200 முறை எரிகிறது. அதாவது 200 ஹெர்ட்ஸ் அடிச்சத்தம். ஹெல்மெட்டின் உள்மெத்தை அந்தத் தாழ்ந்த ஒலியை ஏறக்குறைய அப்படியே உள்ளே விட்டுவிடும். ஹெல்மெட் மேல் இருக்கும் ஸ்நெல், எஃப்ஐஏ தர முத்திரைகள் மண்டை உடையாமலும் தீப்பிடிக்காமலும் இருக்கக் கொடுக்கப்படுபவை. காதுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

பஞ்சு வைப்பவர்களும் உண்டு. பஞ்சு காற்றை விடும், காற்று போகிற இடத்தில் ஒலியும் போகும். இதோடு பஞ்சை விட்டுவிடலாம்.

இருபது ரூபாய் ஃபோம்

மருந்துக் கடையிலும் பாதுகாப்பு சாமான் கடையிலும் ஜோடி பத்து, இருபது, முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் ஆரஞ்சு அல்லது மஞ்சள் ஃபோம். உருட்டி உள்ளே விட்டால் மெல்ல விரிந்து அடைக்கும். த்ரீஎம் 1100 மாதிரியான ஒன்றின் உறையில் என்ஆர்ஆர் (இரைச்சலை எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற அளவு) 29 என்று போட்டிருக்கும். ஆய்வுக்கூடத்தில், பழகிய ஆள் பொறுமையாகப் போட்டுவிட்டபோது கிடைத்த எண் அது. பிட் லேனில் கிடைப்பது வேறு. அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஓஷாவின் வழக்கப்படி அந்த எண்ணில் 7 கழித்து, மிச்சத்தைப் பாதியாக்கினால் 11. அதுதான் அவசரக்காரனுக்குக் கிடைப்பது.

இப்போது 106-இல் 11 போனால் 95. அதற்கு நையோஷ் தரும் நேரம் முக்கால் மணி சொச்சம். ஒரு ரேஸ் நாளுக்குத் தொட்டும் தொடாமலும் சரியாகப் போகும். வீட்டுக்குப் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, லாரி ஹாரன்களுக்கு நடுவே திரும்பினால் அதுவும் போச்சு. அதே பிளக்கை ஒழுங்காகப் போட்டு 22 டெசிபல் குறைத்துவிட்டால் 84. நாள் முழுக்க ஓட்டலாம். ஒரே இருபது ரூபாய் பொருள்தான், போடும் விதத்தில் இவ்வளவு வித்தியாசம். கேட்லாக்கில் 29-க்கும் 33-க்கும் சண்டை போடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் 33, முழுசாக உள்ளே போன 25-இடம் தோற்கும்.

போடும் முறை: விரலால் மெல்லிய குச்சி மாதிரி சுருக்கம் விழாமல் உருட்ட வேண்டும். எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். அப்போதுதான் வளைந்திருக்கும் காதுக் குழாய் நேராகும். உள்ளே விட்டு, விரிந்து முடியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். அப்புறம் இரண்டு கையாலும் காதைப் பொத்திப் பாருங்கள். சத்தம் பெரிதாக மாறவில்லை என்றால் பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறது. நன்றாகக் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, எடுத்துத் திரும்பப் போடுங்கள். இதெல்லாம் ஹெல்மெட்டுக்கு அடியில் போடும் துணி முகமூடியான பாலக்ளாவாவை மாட்டும் முன் முடிய வேண்டும். ரேஸ் தொடங்க கார்கள் வரிசையாக நிற்கும் கிரிட்டுக்குக் கூப்பிட்ட பிறகு கிளவுஸ் போட்ட கையால் ஃபோம் உருட்ட முடியாது, நான் முயன்றிருக்கிறேன்.

ஃபோமின் பெரிய பலம் ஒன்றை யாரும் சொல்வதில்லை. முழுக்க உள்ளே போனால் அது காது மடலின் குழிக்கு வெளியே நீட்டாது. ஹெல்மெட்டை இழுத்து மாட்டும்போது தட்டுவதற்கு எதுவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் பாருங்கள்.

குறை? கை சுத்தம். வீல் நட் முறுக்கிய கிரீஸ் விரலால் உருட்டி அதையே காதுக்குள் விடுகிறோம். சென்னைப் புழுக்கத்துக்கும் ஹெல்மெட் வியர்வைக்கும் காதில் பூஞ்சை பிடிக்க வேறு அழைப்பு வேண்டாம். ஒரு நாளுக்கு ஒரு புது ஜோடி, போடும் முன் சோப்பு. இருபது ரூபாயில் கஞ்சத்தனம் செய்ய ஒன்றுமில்லை.

குடை போன்ற சிலிகான், ஃபில்டர் வைத்தது

அடுக்கடுக்காகக் குடை மாதிரி மூன்று விளிம்பு வைத்த பிளக். கழுவித் திரும்பத் திரும்பப் போடலாம், உருட்ட வேண்டாம், இரண்டு நொடியில் மாட்டிவிடலாம். இதில் உயர்ந்த வகை நடுவில் ஒரு சின்ன ஃபில்டர் வைத்து வரும். எடிமோட்டிக் ஈஆர்20எக்ஸ்எஸ் அந்த வகை. இசைக்கலைஞர்களுக்காக வந்தது. ஃபோம் மேல் ஸ்தாயியை அதிகமாகவும் கீழ் ஸ்தாயியைக் குறைவாகவும் வெட்டுவதால் எல்லாமே போர்வைக்குள் இருந்து கேட்பது போல மந்தமாகும். ஃபில்டர் வைத்தது எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவு, 20 டெசிபல் போல, இறக்கிக் கொடுக்கும் என்கிறது கம்பெனி. உறை மீது இருக்கும் என்ஆர்ஆர் எண்ணோ வெறும் 13.

மூடிய கார் ஓட்டுபவர்களுக்கு இது காதுக்கு இனிக்கும். டூரிங் கார் வகுப்பில் டயர் எப்போது கீச்சிடத் தொடங்குகிறது, அந்தக் கீச்சு எப்போது அரைக்கும் சத்தமாக மாறுகிறது என்பதைக் கேட்டு ஓட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். ஃபோம் போட்டால் அந்தத் தகவல் மங்கும், இதில் மங்காது.

ஆனால் எடுப்பதற்கென்று நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் காம்பு! ஹெல்மெட்டின் காதுப் பட்டை அதன் மேல் அழுத்தும். மூன்றாவது லேப்பில் உறுத்தும், ஆறாவது லேப்பில் வலிக்கும், எட்டாவதில் எந்தத் திருப்பம் என்பதைவிட எந்தக் காது என்பதே பெரிய விஷயமாகிவிடும். இல்லையென்றால் பாலக்ளாவாவை இழுக்கும்போதே ஒரு பக்கம் கழன்று, ஸ்ட்ரெயிட்டில் திடீரென்று இடது காதில் மட்டும் எஞ்சின் அலறும். கார்ட்டிங்கில் இரண்டும் எனக்கு நடந்தது. காம்பு குட்டையான மாடல்கள் உண்டு. வாங்கும் முன் உங்கள் ஹெல்மெட்டைப் போட்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், வீட்டில் சிரித்தாலும் பரவாயில்லை.

அச்செடுத்துச் செய்வது

காது கேட்கும் கருவி விற்கும் ஆடியாலஜி கிளினிக்குகளில் காதுக்குள் ஒரு சின்னத் தடுப்பு வைத்து, மெழுகு போன்ற சிலிகானை ஊற்றி அச்செடுப்பார்கள். அதிலிருந்து உங்கள் காதுக்கு மட்டும் பொருந்தும் பிளக். செலவு சில ஆயிரங்கள். ஃபில்டர் வேண்டுமென்றால் வைத்துத் தருவார்கள், பிட்டோடு பேசும் ரேடியோவுக்கு ஸ்பீக்கர் வேண்டுமென்றால் அதற்கும் துளை விடுவார்கள்.

விலை அதிகம் என்பதால் சத்தத்தை அதிகம் தடுக்கும் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் அப்படியில்லை, ஒழுங்காகப் போட்ட ஃபோம் பல சமயம் இதை ஜெயிக்கும். இங்கே நாம் காசு கொடுப்பது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உட்கார்வதற்காக. கிரிட்டில் அவசரம், கை நடுக்கம், வியர்வை என்று எது இருந்தாலும் அது போய் உட்காரும் இடம் ஒன்றுதான். மடலின் குழிக்குள் தட்டையாக அமர்வதால் ஹெல்மெட்டும் தொடாது, ஆனால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எனக்கு அச்செடுத்த இடத்தில் சொல்லாமல் விட்டேன். மிக்ஸி மூடி மாதிரி புடைத்த ஒன்று வந்தது. திருப்பிக் கொடுத்து இழைத்து வாங்க மூன்று வாரம். இன்னொன்று: அச்செடுக்கும்போது வாயைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தாடை அசைந்தால் காதுக் குழாயின் வடிவமும் மாறும். பிரேக் மிதிக்கும்போது பல்லைக் கடிக்கும் பழக்கம் யாருக்குத்தான் இல்லை?

ரேடியோ உள்ள வகுப்பில் ஓட்டினால் என் ஓட்டு இதற்குத்தான். வெளியே சத்தத்தை அடைத்துவிட்டால் பிட்டிலிருந்து வரும் குரலை மெல்ல வைத்தாலே புரியும். அடைக்காமல் ஸ்பீக்கரை மட்டும் காதில் வைத்தால் எஞ்சினை மிஞ்சுவதற்காக வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். காப்பாற்ற வைத்த கருவியே காதைக் கெடுக்கும். ஒயரை மருத்துவ டேப்பால் காதுக்குக் கீழே ஒட்டிவிட்டு பாலக்ளாவா மாட்டுங்கள், இழுபடாது.

இரைச்சலை ரத்து செய்யும் புளூடூத் இயர்பட் போட்டால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். விமானத்தில் அருமை. இங்கே அது ஹெல்மெட்டுக்குள் நிற்காது, இவ்வளவு சத்தத்துக்கு என்று அளந்து முத்திரை பெற்றதும் பெரும்பாலும் இருக்காது, காதுக்குள் லித்தியம் பேட்டரியோடு ரேஸ் காரில் உட்காரவும் எனக்கு மனமில்லை.

"எஞ்சின் எப்படிக் கேக்கும்?"

எங்கள் மெக்கானிக் தம்பி கேட்டதுதான். "அண்ணே, காத அடைச்சுக்கிட்டா எப்படிண்ணே கியர் மாத்துவீங்க?" அவன் காதில் ஒரு ஜோடி ஃபோமைச் சரியாகப் போட்டுவிட்டு, காரை ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்கினேன். "டாப்பெட் சத்தம் தனியா கேக்குதுண்ணே" என்றான். அதில் மந்திரம் எதுவும் இல்லை. பிளக் எஞ்சினையும் மற்ற இரைச்சலையும் சேர்த்தே இறக்குகிறது, இரண்டுக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறுவதில்லை. அதே சமயம் காது திணறுகிற அளவிலிருந்து அது தெளிவாக வேலை செய்கிற அளவுக்கு ஒலி வந்துவிடுகிறது. ஏற்கனவே கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு ஃபோம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், ஃபில்டர் வகைதான் நல்லது. மற்றபடி ரேடியோ இல்லாத வகுப்பில் நமக்கு வரும் கட்டளை எல்லாமே கண்ணுக்குத்தான்: விளக்கு, கொடி, பிட் போர்டு.

என் தேர்வைக் கேட்டால், ரேடியோ இல்லாத ஃபார்முலா காருக்கு ஃபோம், வேறு யோசனையே வேண்டாம். மூடிய கார் என்றால் முதல் சீசன் முழுக்க ஃபோம் போட்டு ஓட்டிவிட்டு, டயர் சத்தம் இல்லாதது உண்மையிலேயே உறுத்தினால் ஃபில்டர் வைத்த அச்சு பிளக்குக்குக் காசு சேருங்கள். குடை வகையை நான் ஹெல்மெட்டுக்குள் சிபாரிசு செய்ய மாட்டேன், கச்சேரிக்குப் போட்டுக்கொள்ளலாம். அச்சு பிளக் வைத்திருப்பவர்களும் பையில் இரண்டு ஜோடி ஃபோம் போட்டு வையுங்கள். சில ஆயிரம் ரூபாய் பொருள் தொலைவது எப்போதும் குவாலிஃபையிங்குக்கு ஐந்து நிமிடம் முன்னால்தான்.

பிட்டில் நிற்பவர்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. தலையில் ஹெல்மெட் இல்லாததால், காதை முழுக்க மூடும் மஃப் அவர்களுக்கு எளிது, குழந்தைகளுக்கு அதைவிட நல்லது இல்லை. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் போன தடவை என் மகள் பாதி நாள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டே ஐஸ்கிரீம் சாப்பிட வழி தேடினாள். இந்த முறை மஃப் வாங்கப் போனோம். இளஞ்சிவப்பு வேண்டும் என்கிறாள். கடையில் இருப்பது மஞ்சள் மட்டும்.