மகிழமா, கறுத்தக்கொழும்பானா?

வீடு கட்டி முடிந்ததும் வளவில் ஒரு மரத்துக்குத்தான் இடம் மிஞ்சும். பூவுக்கு மகிழம் வைப்பதா, பழத்துக்குக் கறுத்தக்கொழும்பான் மா வைப்பதா என்று திருகோணமலையில் பலருக்கும் குழப்பம்.

காத்திருப்பு: ஒட்டு மாங்கன்று 3, 4 வருடத்தில் காய்த்துவிடும். மகிழம் ஆறுதலாகத்தான் வளரும், அவசரக்காரருக்கு ஒத்துவராது.

காற்று, மழை: மாரி மழை தை வரை இழுத்தால் மாம்பூ கருகிக் கொட்டும். தப்பிப் பிடித்த பிஞ்சைக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று உலுப்பிவிடும். உப்புக்காற்றும் மாவுக்கு ஆகாது. இலை நுனி எரிந்துபோகும். மகிழம் இதையெல்லாம் நன்றாகவே தாங்கும். வருடம் முழுக்கப் பச்சை, நல்ல அடர்ந்த நிழல்.

பராமரிப்பு: மாவுக்குக் கன்றுப் பருவத்தில் தண்ணீர், பிறகு பசளை, கவாத்து. முசுறு எறும்புக் கூடு, அணில், வௌவால் தொல்லை தனி. மகிழத்துக்கு முதல் ஓரிரு கோடை தண்ணீர் ஊற்றினால் போதும், அப்புறம் முற்றம் கூட்டும் வேலைதான்.

பலன்: கறுத்தக்கொழும்பானின் ருசிக்கு ஈடில்லை, அதை மறுக்க மாட்டேன். மகிழம்பூ விடியலில் உதிர்ந்து கிடக்கும். நடுவில் துளை இருப்பதால் ஊசி இல்லாமலே நூலில் கோக்கலாம். காய்ந்தாலும் வாசம் போகாது. பூக்கும் காலத்தில் சாமிப் படத்துக்குத் தினமும் மாலை.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலை ஒட்டிய வளவென்றால் மகிழத்தையே வையுங்கள். கந்தளாய்ப் பக்கம் போல் உள்ளே, நல்ல மண்ணும் கிணறும் இருந்தால், சரி, மாதான்.