கேரவனின் அழுகிய மூலை: பட்டறை வேலை நிலைத்ததா?

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடான கேரவனை வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: உள்ளே மரம் அழுகிய வண்டியைப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்தால் நிலைக்குமா? நிலைக்கும். பல மழைக்காலங்களைப் பார்த்துவிட்ட பிறகு உறுதியாகவே சொல்கிறேன். ஆனால் எல்லாப் பட்டறை வேலைக்கும் இந்த உறுதியைத் தர மாட்டேன். தண்ணீர் எந்த வழியாகப் புகுந்தது என்று தேடாமல், கெட்ட மரத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கும் வேலை அடுத்த மழைக்கே பல்லிளித்துவிடும்.

என் கேரவனின் ஆண்டுப் பராமரிப்பின்போது ஈரப்பதமானியால் சுவர்களை அளந்ததில்தான் விஷயம் வெளிப்பட்டது. முன்பக்க இடது மூலையில் அளவு 30 சதவீதத்துக்கு மேல் நின்றது. 15 சதவீதம் வரை கவலையில்லை, 20-ஐத் தாண்டினால் கசிவைத் தேட வேண்டும், 30-ஐத் தாண்டினால் மரம் கெடத் தொடங்கியிருக்கும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. கண்ணுக்கோ ஒன்றும் தெரியவில்லை. சுவரில் கறையில்லை, பூஞ்சை வாடையில்லை. கட்டைவிரலால் அழுத்தியபோது மட்டும் பலகை இலேசாக உள்வாங்கியது.

சுவரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது ஏன் என்று புரியும். வெளியே மெல்லிய அலுமினியத் தகடு. நடுவில் மரச்சட்டங்களும் அவற்றுக்கிடையே தெர்மாகோலும். உள்ளே சுமார் 3 மில்லிமீட்டர் பிளைவுட், அதன்மேல் வினைல் தாள். எல்லாவற்றையும் பசையால் ஒட்டி ஒரே பலகையாக்கியிருப்பார்கள். சுவரின் வலிமையே அந்த ஒட்டில்தான் இருக்கிறது. உள்ளே புகுந்த தண்ணீரைத் தகடு ஒருபுறமும் வினைல் மறுபுறமும் வெளியேற விடுவதில்லை. கறை வெளியே தெரியும் நேரத்தில் உள்ளே பசை விட்டுப்போய், மரம் கையால் பிய்த்தெடுக்கும் பதத்துக்கு வந்திருக்கும். அண்மைக் காலத்தில் மரமே இல்லாத சட்டங்களோடு கேரவன்கள் வருகின்றன. என் வண்டி பழைய மரச்சட்ட வகை.

இரண்டு பட்டறைகளில் விசாரித்தேன். முதல் இடத்தில் வெளியிலிருந்தே பார்த்து உடனே தொகை சொன்னார்கள். பழைய பலகைமேல் புதிய பிளைவுட் ஒட்டி மூடிவிடுவார்களாம். இரண்டாவது பட்டறைக்காரர், “பிரித்துப் பார்க்காமல் நான் தொகை சொல்ல மாட்டேன் சார். எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது” என்றார். அவரிடமே கொடுத்தேன்.

பிரித்தபோது எடுத்த படங்களை இன்றும் வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் பந்தல் துணியைச் செருகும் அலுமினியத் தடம் ஒன்று கூரை ஓரமாக ஓடுகிறதல்லவா, அதன் திருகுகள் துருப்பிடித்திருந்தன. தடத்துக்கு அடியில் தண்ணீர் புகாமல் அடைக்க வைத்த சீலன்ட் பசை காய்ந்து வெடித்திருந்தது. ஒவ்வொரு திருகுத் துளையும் வாசலாகி, தண்ணீர் சட்டத்தின் வழியே கீழிறங்கித் தரையின் ஓரம்வரை போயிருந்தது. ஈரம் தெரிந்த இடம் ஒன்று, புகுந்த இடம் வேறு. மூலையை மட்டும் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதன் பிறகு அவர் செய்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது பொறுமை. அழுகிய சட்டங்களை நல்ல மரம் தென்படும்வரை வெட்டியெடுத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டு, அளவு இறங்கும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தார். ஈரமான மரத்தின்மேல் பசை பிடிக்காது. அவசரப்படும் பட்டறைகள் தவறவிடுவது இங்கேதான். காய்ந்த பிறகே புதிய சட்டங்களையும் தெர்மாகோலையும் வைத்து, தகட்டோடு ஒட்டி, அழுத்தம் கொடுத்து விட்டார்.

தரைக்கு வேறு வைத்தியம். அதன் மேல்பலகை மட்கவில்லை. அடியிலிருந்த நுரைப்பலகையிலிருந்து பிரிந்து, மிதித்தால் மெத்தென்று அமுங்கியது. வரிசையாகத் துளையிட்டு, பிசினைச் செலுத்தி, மரக்குச்சிகளால் அடைத்து, இறுகும்வரை பாரம் ஏற்றி வைத்தார்கள். மரம் மட்கிய தரைக்கு இந்த முறை உதவாது. அங்கே வெட்டி மாற்றத்தான் வேண்டும்.

கடைசியாக, பந்தல் தடத்தை முழு நீளத்துக்கும் கழற்றிச் சுத்தம் செய்து, பியூட்டைல் எனும் ரப்பர் போன்ற ஒட்டுப்பட்டை வைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளால் பொருத்தினார்கள். பியூட்டைல் இறுகிப் போகாமல் நெகிழ்ந்தே இருப்பதால், ஓடும் வண்டியின் அதிர்வுக்கு ஈடுகொடுக்கும். கையில் அகப்பட்ட சிலிக்கோன் பசையைப் பூசிவிடாதீர்கள்; பின்னால் அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு. வேலைக்காகக் கழற்றிய கேஸ் குழாயில் கசிவு இல்லை என்பதைச் சோதித்து, சான்றிதழும் தந்தார்கள்.

குறைகள் உண்டு. சொன்ன நாளுக்கு வேலை முடியவில்லை. உள்சுவர் வினைலின் பழைய வடிவமைப்பு சந்தையில் இல்லாததால், அந்த மூலை மட்டும் நிறம் சற்று மாறித் தெரிகிறது. சாய்ந்த வெயிலில் வெளித்தகட்டில் மெல்லிய அலையும் தெரியும். செலவு முழுவதும் என் கையிலிருந்துதான். மோதல் சேதத்துக்குக் கைகொடுக்கும் காப்பீடு, மெல்ல மெல்ல ஊறிய ஈரத்தைப் பொதுவாக ஏற்பதில்லை.

அந்தக் குறைகள் என்னை உறுத்தவில்லை. மூலையின் அளவு இப்போதும் 15-க்குக் கீழேயே இருக்கிறது. மழைக்காலம் முடிந்து எடுத்தாலும் அப்படித்தான். தரை மிதிக்க உறுதியாக இருக்கிறது, மேடுபள்ளச் சாலையில் இழுத்து வந்த பிறகும் கதவு பழையபடி உராயாமல் மூடுகிறது. கூரைச் சன்னலின் சீலன்ட் இப்போது ஓரத்தில் இறுகத் தொடங்கியிருக்கிறது. அடுத்த மழைக்கு முன் அதையும் கழற்றிப் புதிதாக அடைக்க, அதே பட்டறையில் நாள் வாங்கியிருக்கிறேன்.